ஆனந்தைப் பற்றி எங்கள் ஞாயிறு வகுப்பில் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் செஸ் வகுப்பு நடக்கிறது. நாலு பலகை, பதினெட்டுப் பிள்ளைகள். சுவரில் விஸ்வநாதன் ஆனந்தின் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. பழைய பேப்பரில் வெட்டியது, மூலைகள் மஞ்சளாகிவிட்டன. புதிதாக வரும் பிள்ளை முதலில் கேட்பது அந்தப் படத்தைப் பற்றித்தான். கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாமார் கேட்பது வேறு வகைக் கேள்விகள். ஒரே கதையைக் கிழமைக்குக் கிழமை சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்ட ஒழுங்கில் இருக்கின்றன, முக்கியத்துவ ஒழுங்கில் அல்ல.

மாஸ்டர், படத்தில் இருக்கிறவர் யார்?

விஸ்வநாதன் ஆனந்த். 1969 டிசம்பர் 11 அன்று தமிழ்நாட்டில் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். இந்தியாவின் முதல் செஸ் கிராண்ட்மாஸ்டர். ஐந்து தடவை உலக சாம்பியன். வீட்டில் தமிழ் கதைக்கிறவர். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும் சின்னப் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். உலக சாம்பியன் என்றால் இங்கிலீஷில்தான் கதைப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

அவருடைய பெயர் விஸ்வநாதனா, ஆனந்தா? எல்லாரும் 'விஷி' என்கிறார்களே?

பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அப்பாவின் பெயர். நாங்கள் அப்பா பெயரை முன்னால் போடுகிற வழக்கம் வெளிநாட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதையும் சுருக்கி 'விஷி' ஆக்கிவிட்டார்கள். அதாவது உலகம் முழுவதும் அவரைச் செல்லமாகக் கூப்பிடுவது அவருடைய தகப்பனின் பெயரைச் சொல்லித்தான். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை, பழகிவிட்டார்.

எங்களுக்கு அந்தப் பெயர்க் குழப்பம் ஒரு ஆட்டத்தையே தின்றது. முதன்முதலாக ஆறு பிள்ளைகளை இரவு ரயிலில் கொழும்புக்கு ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனேன். காலையில் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். எங்கள் பெடியன் பக்கத்தில் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அது அவனுடைய அப்பாவின் பெயர்! 'அப்பா வரவில்லையே மாஸ்டர்' என்று என்னிடம் சொல்கிறான். விளங்கி ஓடிப்போவதற்குள் நேரம் கடந்து எதிராளிக்குப் புள்ளி போய்விட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு முதல் பாடம் அப்பா பெயர் கேட்டாலும் எழும்பிப் போ என்பதுதான்.

யாரிடம் படித்தார்? எந்த வகுப்புக்குப் போனார்?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. வகுப்பின் பெயர் கிடைத்தால் நாளைக்கே சேர்த்துவிடலாம் என்ற நினைப்பு. பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. ஆனந்துக்கு அப்போது ஆறு வயது. அம்மாவும் பெரிய ஆட்டக்காரி இல்லை, தன் தம்பியோடு வீட்டில் விளையாடிப் பழகியவர்.

அப்பா ரயில்வேயில் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் பிலிப்பைன்ஸ் ரயில்வேக்கு ஆலோசகராக வேலை கிடைத்துக் குடும்பமே மணிலாவுக்குப் போனது. அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸில் செஸ் என்றால் பைத்தியம். ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் யூஜெனியோ தோரே அந்த நாட்டுக்காரர். 1978இல் கார்ப்போவும் கோர்ச்னோயும் உலகப் பட்டத்துக்கு மோதியதும் அங்கேதான், பாகியோ என்ற மலை நகரத்தில். ரி.வி.யில் மத்தியானம் ஒரு செஸ் நிகழ்ச்சி போகும், முடிவில் ஒரு புதிர் போடுவார்கள். அந்த நேரம் ஆனந்த் பள்ளிக்கூடத்தில். அம்மா ரி.வி.க்கு முன்னால் இருந்து புதிரை எழுதி வைப்பார். பின்னேரம் மகன் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்துத் தபாலில் போடுவார்கள். பரிசு ஒரு புத்தகம். மாதக் கணக்காக இவரே வென்றுகொண்டிருந்தார். கடைசியில் நிகழ்ச்சிக்காரர் கூப்பிட்டு, வேண்டிய புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு போ, தயவுசெய்து இனி விடை அனுப்பாதே என்றார்களாம். இதை ஆனந்தே பேட்டியில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அந்த அம்மாதான். மத்தியானச் சமையலுக்கு நடுவே, தனக்கு முழுதாக விளங்காத ஒரு காய் நிலையைக் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதுகிறார் பாருங்கள். ஒரு காய் ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் பின்னேரம் புதிர் வேலைசெய்யாது.

சென்னையில் அவர் விளையாடியது சோவியத் கலாசார நிலையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில். அதை நடத்தியவர் மானுவல் ஆரன், 1961இலேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். கிளப்பில் பலகை குறைவு, ஆள் அதிகம். வென்றவன் இருக்கலாம், தோற்றவன் எழும்பி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். திரும்ப முறை வர நெடுநேரம் பிடிக்கும். அதனால் வேகமாக ஆடவும் வேண்டும், தோற்கவும் கூடாது. ஆனந்தின் மின்னல் வேகம் அந்த வரிசையில் நின்று வந்தது என்று அவரே சொல்வார். அந்த முறையை நானும் எங்கள் நாலு பலகையில் கொண்டுவந்து பார்த்தேன். இரண்டாம் கிழமையே வரிசையில் நின்றவர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் மான் பார்க்கப் போய்விட்டார்கள். திருகோணமலையில் மானோடு போட்டி போட முடியாது.

மாஸ்டருக்கும் கிராண்ட்மாஸ்டருக்கும் என்ன வித்தியாசம்?

என்னை நீங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவது பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காரணத்துக்காக. அது செஸ் பட்டம் கிடையாது. எனக்கு செஸ்ஸில் ஒரு பட்டமும் இல்லை.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலக செஸ் சம்மேளனமான ஃபிடே கொடுக்கிறது. இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, தரப்புள்ளி ஒருமுறையாவது 2500ஐத் தொடவேண்டும். மற்றது 'நோர்ம்' என்பது. பலமான ஒரு போட்டியில், எதிரில் கிராண்ட்மாஸ்டர்கள் குறைந்தது மூன்று பேராவது இருக்க, 2600 தரமுள்ள ஆள் ஆடும் அளவுக்கு ஆடிக் காட்டவேண்டும். அப்படி மூன்று நோர்ம், மொத்தம் 27 ஆட்டமாவது. கிடைத்துவிட்டால் உயிருள்ளவரை பட்டம் கூடவே இருக்கும், பிறகு எவ்வளவு தோற்றாலும் யாரும் பறிக்க மாட்டார்கள்.

ஆனந்த் 1983இல் இந்திய உப கனிஷ்ட போட்டியில் 9க்கு 9 எடுத்தார். 15 வயதில் சர்வதேச மாஸ்டர், 16 வயதில் இந்தியாவின் தேசிய சாம்பியன். 1987இல் உலக கனிஷ்ட சாம்பியன், அதுவும் பழைய பாகியோவில். மறுவருடம் கோயம்புத்தூரில் நடந்த போட்டியோடு கிராண்ட்மாஸ்டர். வயது 18.

இலங்கையில் கிராண்ட்மாஸ்டர் இருக்கிறாரா?

இதை எழுதும் வரை இல்லை. சர்வதேச மாஸ்டர்கள் இருக்கிறார்கள்.

உடனே 'எங்கடை ஆக்களுக்கு மூளை இல்லையா' என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன நோர்மை இன்னொருமுறை வாசியுங்கள். ஒரே போட்டியில் மூன்று கிராண்ட்மாஸ்டர் எதிரில் இருக்கவேண்டும். இங்கே ஒருவரும் இல்லையென்றால் வெளியிலிருந்து கூப்பிட வேண்டும், அல்லது பிள்ளை வெளியே போகவேண்டும். விமானச் சீட்டு, தங்குமிடம், விசா. ஒரு தடவை போனால் நோர்ம் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. உப்புவெளிப் பிள்ளைக்குக் கொழும்பே 260 கிலோமீற்றர் தூரம். 1988க்கு முன் இந்தியாவின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். ஆரன் சர்வதேச மாஸ்டர் ஆகி 27 வருடம் கழித்துத்தான் ஆனந்த் அடுத்த படியைத் தாண்டினார். இரண்டாவது இந்தியக் கிராண்ட்மாஸ்டர் திப்யேந்து பருவா 1991இல். மூன்றாமவர் பிரவீண் திப்ஸே வர 1997 ஆகிவிட்டது. இன்றைக்கு எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

எத்தனை தடவை உலக சாம்பியன்? சிலர் நாலு என்கிறார்கள், சிலர் ஐந்து என்கிறார்கள்.

ஐந்து: 2000, 2007, 2008, 2010, 2012. குழப்பம் வருவது 2000ஆம் ஆண்டுப் பட்டத்தால். 1993இல் அப்போதைய உலக சாம்பியன் கஸ்பரோவும் அவருக்குச் சவால் விட்ட ஷோர்ட்டும் ஃபிடேயை விட்டுப் பிரிந்துபோய்த் தனியாகப் பட்டத்துக்கு விளையாடினார்கள். அதிலிருந்து 2006 வரை உலகத்தில் இரண்டு சாம்பியன்கள். 2000இல் டில்லியில் தொடங்கித் தெஹ்ரானில் முடிந்த ஃபிடே போட்டியில் ஷிரோவை 3.5க்கு 0.5 என்று ஆனந்த் வென்றபோது, மற்றப் பட்டம் ரஷ்யாவின் கிராம்னிக்கிடம் இருந்தது. அதனால் அதைக் கணக்கில் எடுக்காதவர் நாலு என்பார்.

2007இல் மெக்சிகோ நகரத்தில் எட்டுப் பேர் சுற்றிச்சுற்றி விளையாடிய போட்டியில் வென்றதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த வருடம் ஜேர்மனியின் பொன் நகரத்தில் கிராம்னிக்கோடு நேருக்கு நேர், 6.5க்கு 4.5. நொக்அவுட், சுற்றுப்போட்டி, நேருக்கு நேர் ஆகிய மூன்று வகையிலும் உலகப் பட்டம் எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

எரிமலை வெடித்ததால் காரில் போய் உலக சாம்பியன் ஆனார் என்பது உண்மையா?

உண்மை. 2010 ஏப்ரல். பல்கேரியாவின் சோபியாவில் டொபலோவோடு போட்டி. டொபலோவ் சொந்த நாட்டில் விளையாடுகிறார். ஆனந்த் ஸ்பெயினில் இருந்து பிராங்பேர்ட் வந்து இறங்க, ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் வானம் முழுக்கச் சாம்பல். ஒரு விமானமும் இல்லை. மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒருநாள்தான் கிடைத்தது. வாகனம் பிடித்து ஒஸ்ட்ரியா, ஹங்கேரி, ருமேனியா என்று சுமார் 40 மணித்தியாலம் தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டமே தோல்வி, 30 நகர்த்தலில். மறுநாளே திருப்பிக் கொடுத்தார். பிறகு இழுபறியாகப் போய், கடைசி 12ஆவது ஆட்டம் வரும்போது ஆளுக்கு 5.5. அதில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு துணைக்கதையும் உண்டு. போட்டிக்குத் தயாராகும்போது அவருக்கு உதவியவர்களில் கஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் மூவரும் இருந்தார்கள். முதலாமவர் முன்பு அவரை உலகப் பட்டப் போட்டியில் தோற்கடித்தவர், இரண்டாமவர் அவரிடம் தோற்றவர், மூன்றாமவர் மூன்று வருடம் கழித்து அவரிடமிருந்து பட்டத்தைப் பறிக்கப் போகிறவர். செஸ் உலகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் எதிரி. அப்படியிருந்தும் இவருக்குப் போன் எடுத்து உதவ ஆள் இருந்தது. அவருடைய குணத்தைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள், எனக்கு இந்த ஒரு தகவல் போதும்.

17 நகர்த்தலில் முடிந்த ஆட்டத்தைக் காட்டுங்கள்.

பலகையில் பார்ப்பது நல்லது, இங்கே வாயால் சொல்கிறேன். 2012 மே, மொஸ்கோ, எதிரில் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்ட். முதல் ஆறு ஆட்டமும் சமநிலை. ஏழாவதில் ஆனந்த் தோற்றார். உலகம் முழுக்க 'ஆள் முடிந்தது' என்று எழுதியது. மறுநாள் எட்டாவது ஆட்டம், ஆனந்துக்கு வெள்ளை.

கெல்ஃபாண்டின் ராணி சிப்பாய் ஒன்றை வெட்டிக்கொண்டு உள்ளே வந்து நிற்கிறது. ராஜாவுக்குச் செக், அதே நேரம் மூலையில் நிற்கும் கோட்டைக்கும் குறி. இரண்டுக்கும் ஒரே அடி. ஆனந்தின் ராஜா ஒதுங்குகிறது. ராணி மூலைக்குப் போய்க் கோட்டையை வெட்டுகிறது. இந்த இடத்தில் நான் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பேன், யார் வெல்கிறார்? எல்லாரும் கறுப்பு என்பார்கள். எண்ணிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

ஆனந்த் தன் ராணியை இரண்டு கட்டம் பக்கமாக நகர்த்துகிறார். செக் கிடையாது, வெட்டும் கிடையாது. சும்மா ஒரு பக்கவாட்டு அசைவு. கறுப்பு ராணி திரும்பி வரப் பார்க்கிறது, கதவு பூட்டியாயிற்று. மூலையில் நிற்கிறது, ஆனால் வெளியே வழி இல்லை. கெல்ஃபாண்ட் ஏற்கெனவே ஒரு குதிரையைக் கொடுத்துத்தான் உள்ளே வந்தார், ராணியை மீட்க இன்னொரு குதிரையும் போகவேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கை கொடுத்தார். உலகப் பட்டப் போட்டி வரலாற்றில், சமநிலை ஆகாமல் வெற்றி தோல்வியோடு முடிந்த ஆட்டங்களில் மிகக் குட்டையானது அது.

எலிப்பொறிக்குள் தேங்காய்ச் சொட்டு என்று ஒரு பிள்ளை இதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். அதைவிட நல்ல விளக்கம் நான் வாசித்ததில்லை. போட்டி 6க்கு 6 என்று முடிந்து, துரித ஆட்டத்தில் 2.5க்கு 1.5 என்று ஆனந்த் வென்றார்.

கார்ல்சனிடம் படுதோல்வி அடைந்தவர்தானே? (தரம் 10 பெடியன்கள்)

ஓம், தோற்றார். 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையில், நோர்வேயின் மக்னஸ் கார்ல்சனிடம் 6.5க்கு 3.5. ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. கார்ல்சனுக்கு அப்போது 22 வயது, ஆனந்துக்கு 44 ஆகப்போகிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தோல்வியை ஒளிக்கவேண்டிய தேவை எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அவருடைய தோல்விகளை வெற்றிகளைவிட அதிகமாக வகுப்பில் காட்டுகிறேன்.

முதல் பெரிய அடி 1995இல். நியூயோர்க்கில், உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் 107ஆவது மாடியில், கஸ்பரோவோடு. முதல் 8 ஆட்டமும் சமநிலை. 9ஆவதில் ஆனந்த் வென்று முன்னால் போனார். அதன்பிறகு அடுத்த ஐந்தில் நாலைத் தோற்றார். முடிவு 10.5க்கு 7.5. இரண்டாவது அடி 1998 தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் லோசானில். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டிசம்பர் முழுக்க ஹொலண்டில் நொக்அவுட் போட்டியில் ஒவ்வொருவராக வென்று, 30ஆம் தேதி இறுதி முடிந்து, புதுவருடம் பிறந்து இரண்டாம் நாள் கார்ப்போவுக்கு எதிரே உட்காரவேண்டும். கார்ப்போவ் நொக்அவுட்டில் விளையாடவே இல்லை, நேராக இறுதிக்கு விட்டுவிட்டார்கள், வீட்டில் நித்திரை கொண்டு எழும்பி வந்தவர். அப்படியும் 3க்கு 3 என்று இழுத்துத் துரித ஆட்டத்தில்தான் தோற்றார்.

இப்போது 2013க்கு வருவோம். சென்னைத் தோல்வி முடிந்து நாலு மாதத்தில் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க்கில் கண்டிடேற்ஸ் போட்டி. உலக சாம்பியனுக்குச் சவால் விடப்போவது யார் என்று தெரிவு செய்யும் போட்டி அது. ஆனந்த் வெல்வார் என்று பந்தயம் கட்ட ஆள் இல்லை. ஒரு சுற்று மிச்சம் இருக்கவே முதலிடத்தை உறுதிசெய்தார். மறுபடி கார்ல்சன், இம்முறை சோச்சியில். ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் பெரிய பிழை விட்டார். குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டினால் போதும், இரண்டு சிப்பாய் லாபம், ஆட்டமே திரும்பியிருக்கும். ஆனந்த் அதைக் காணாமல் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார். கார்ல்சன் தன் பிழையை உடனே கண்டுவிட்டார், ஆனந்த் தன் கையை எடுத்தபிறகு கண்டார். வேகம் தந்த ஆளுக்கு வேகமே அன்று குழி பறித்தது. அந்த ஆட்டமும் போய், போட்டியும் 6.5க்கு 4.5 என்று போனது.

சரி, அதோடு முடிந்ததா? 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக துரித செஸ் சாம்பியன். ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. நடுவில் கார்ல்சனையும் வென்றார். பெடியன்கள் இந்த வரியை வாசிக்காமல் போவார்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? கிரிக்கெற்காரர் மாதிரியா?

கிரிக்கெற்காரர் மாதிரி ஆரவாரம் இல்லை, ஆனால் மரியாதை வேறு மாதிரி. இந்தியாவின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவை முதன்முதலாகப் பெற்றவர் ஒரு செஸ்காரர், அதாவது இவர். பத்மஸ்ரீ கிடைத்தபோது இன்னும் இருபது வயதாகவில்லை. பிறகு பத்ம பூஷண், பத்ம விபூஷண். 2011இல் அவருடைய தரப்புள்ளி 2817 வரை போனது. 2007இல் முதன்முதலாக உலகத்தின் முதல் இடத்துக்கு வந்தார். வானத்தில் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர், 4538 விஷிஆனந்த். வான்வெளி பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு என்பதால் அந்தப் பரிசு அவருக்குப் பொருத்தம். பாவம், அதிலும் அப்பா பெயர்தான் முதலில்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு கணக்கு. 37 வருடம் இந்தியாவின் முதல்தர ஆட்டக்காரர் அவர்தான். 2023 செப்டெம்பரில் குகேஷ் என்ற சென்னைப் பெடியன் தாண்டும்வரை எவராலும் முடியவில்லை. ஆனந்த் இந்தியாவின் முதலிடத்துக்கு வந்தபோது குகேஷ் பிறக்க இன்னும் இருபது வருடம் கிடந்தது.

அவரைப் பற்றிச் சர்ச்சை ஒன்றும் இல்லையா?

அவர் செய்த சர்ச்சை என்று சொல்லப் பெரிதாக இல்லை. அவருக்கு நேர்ந்தது ஒன்று உண்டு. 2010இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுக்க இருந்தது. ஸ்பெயினில் குடியிருக்கிறாரே, இந்தியக் குடிமகன்தானா என்று டில்லி அமைச்சில் கோப்பு நின்றுவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டோடு இருபது வருடம் இந்தியக் கொடிக்குக் கீழே விளையாடிய ஆளிடம்! அமைச்சர் பிறகு மன்னிப்புக் கேட்டார், ஆனந்த் பட்டம் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். சண்டை பிடிக்கவில்லை. அதே நாட்களில் அங்கே கணிதவியலாளர் மாநாட்டில் நாற்பது பேரோடு ஒரே நேரத்தில் விளையாடினார். ஒரு பதினாலு வயதுப் பையன் மட்டும் சமநிலை எடுத்தான்.

கடவுச்சீட்டு, குடியுரிமை என்று கோப்பு நின்ற கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் அவர்கள் செஸ்ஸை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

செஸ் விளையாடினால் படிப்புக் கெடாதா? வருகிற வருடம் புலமைப்பரிசில் பரீட்சை.

ஆனந்த் சென்னை லயோலா கல்லூரியில் வணிகப் பட்டம் முடித்தவர். கெடவில்லை. ஆனால் செஸ் விளையாடினால் கணக்கில் நூறு வரும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படி யாராவது நோட்டீஸ் அடித்தால் காசு கட்டமுன் யோசியுங்கள். புலமைப்பரிசிலுக்கு இரண்டு மாதம் இருக்க நிற்பாட்டிவிட்டு, முடிந்தபிறகு வாருங்கள். பலகை எங்கும் போகாது.

ஆனந்த் மாதிரி நானும் வேகமாக விளையாடலாமா?

வேண்டாம். அவர் சின்ன வயதில் முழு ஆட்டத்தையும் சில நிமிடத்தில் முடித்துவிட்டு எதிராளி யோசிக்கும்வரை மண்டபத்தைச் சுற்றி நடப்பார். அதே பழக்கத்தைக் குறைக்க அவருக்கு வருடக்கணக்கு எடுத்தது. நீ கையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இரு. யோசித்தபிறகு எடு.

குகேஷ் பெரியவரா, ஆனந்த் பெரியவரா?

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5க்கு 6.5 என்று வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர். அந்த வயதில் வேறு எவரும் ஆனதில்லை. அதே வருடம் புடாபெஸ்ற் ஒலிம்பியாட்டில் இந்தியாவுக்குப் பொது, பெண்கள் இரண்டு பிரிவிலும் தங்கம். பிரக்ஞானந்தா, அவருடைய அக்கா வைஷாலி, எல்லாரும் சென்னைப் பிள்ளைகள்.

பெரியவர் யார் என்ற தராசில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் விடமாட்டீர்கள் என்பதால் என் அபிப்பிராயம்: குகேஷ் தொடங்கும்போது அவருக்கு முன்னால் ஒரு ஆனந்த் இருந்தார், அவர் தொடங்கிய வழிகாட்டல் திட்டத்தில் பயிற்சியும் கிடைத்தது. ஆனந்த் தொடங்கும்போது கிராண்ட்மாஸ்டர் ஒருவரைப் பார்க்கவே வெளிநாடு போகவேண்டும். மீதியை நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்கிறார்?

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஃபிடேயின் பிரதித் தலைவராகத் தெரிவானார். அந்த ஒலிம்பியாட்டில் இலங்கை அணிகளும் விளையாடின. இளம் ஆட்டக்காரருக்குப் பயிற்சி கொடுக்கிறார். போட்டிகள் குறைவு, ஆனால் விடவில்லை. மனைவி அருணா, மகன் அகில்.

என் பிள்ளை ஆனந்த் மாதிரி வருவானா?

எனக்குத் தெரியாது அம்மா. போன மாதம் ஒருவர் இதையே கேட்டார், அவர் மகன் அப்போது குதிரையைச் சிப்பாய்மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழு வயது. வென்றால் என்ன சாப்பாடு, தோற்றால் என்ன சாப்பாடு என்று வீட்டில் மாற்றாமல் ஒரே சாப்பாடு கொடுங்கள். கொழும்புப் போட்டியில் முதல் மூன்று சுற்றும் தோற்ற பிள்ளை ஒருத்தி, திரும்பி வரும் ரயிலில் கல்லோயா சந்தி வரை அழுதாள். அங்கே ரயில் நின்ற நேரத்தில் கடலை வாங்கிக் கொடுத்தேன். அழுகையை நிறுத்திவிட்டு, கடலையைக் காய்களாக அடுக்கி மூன்றாவது சுற்றில் எங்கே பிழைத்தது என்று எனக்குக் காட்டினாள். சரியாகத்தான் காட்டினாள். பிறகு ராணியைச் சாப்பிட்டுவிட்டாள்.

வகுப்புக்குப் பலகை கொண்டுவர வேண்டுமா? கட்டணம் எவ்வளவு?

பலகை வேண்டாம், கட்டணமும் இல்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள், பத்தரைக்குப் பிளேன்ரீ கிடைக்கும். இரண்டாம் பலகையில் கறுப்புக் கோட்டை ஒன்று மாசி மாதத்தில் இருந்து காணவில்லை, அந்த இடத்தில் சோடா மூடி ஒன்று நிற்கும். அதை வெட்டினால் ஜன்னலால் எறியாமல் பெட்டிக்குள் போடவும்.